கனெக்டிங் ராடு: பளபளப்பு முக்கியமா, எடை முக்கியமா?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



டிராக்டரோ, ஜீப்போ, வீட்டில் நிற்கிற பழைய அம்பாசடர் காரோ, பல வருஷம் உழைத்த என்ஜினை ஒருநாள் இறக்கித்தான் ஆகவேண்டும். புகை கூடும், ஆயில் குறையும், இழுவை போய்விடும். பட்டறையில் விட்டால் லைனர், பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு என்று பட்டியல் போடுவார்கள். நாமும் பணத்தைக் கட்டுகிறோம். ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. கழுவித் துடைத்து அப்படியே திரும்பப் பூட்டிவிடுவார்கள். சில இடங்களில் நேர்மாறாக, “ராடு எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தர்றோம்” என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள்.

இந்த இரண்டில் எது சரி? இரண்டுமே முழுக்கச் சரியில்லை. ராடில் கவனிக்க வேண்டிய வேலை இருக்கிறது. ஆனால் அது பளபளப்பில் இல்லை. எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

ராடு படும் பாடு

உங்கள் டிராக்டர் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருதரம் மேலே போய் நின்று திரும்பும், ஒருதரம் கீழே வந்து நின்று திரும்பும். ஆக, ஒரு நிமிஷத்துக்கு 4,000 தடவை அது நின்று திரும்புகிறது. நிறுத்துவதும் இழுப்பதும் தள்ளுவதும் எல்லாமே ராடு வழியாகத்தான்.

டீசல் எரியும்போது ராடு நசுங்கப் பார்க்கிறது. புகையை வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது, அதைத் தாங்கிப்பிடிக்க மேலே எந்த அழுத்தமும் கிடையாது. அப்போது ராடு இழுபடுகிறது. 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள என்ஜினில், 2,000 சுற்றில், பிஸ்டன் பக்கத்து எடை ஒரு கிலோ என்றால், அந்த உச்சியில் ராடை இழுக்கிற விசை சுமார் 300 கிலோ. அத்தனை கனத்தைத் தொங்கவிட்டு, உடனே எடுத்து, மறுபடி தொங்கவிடுகிற மாதிரி.

ஒரு கட்டுக்கம்பியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் மடக்குங்கள். பலம் ஒன்றும் போட வேண்டாம். பத்து இருபது தடவையில் தானாக ஒடிந்துவிடும். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி, திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடிகிறது. இரும்பின் இந்தச் சோர்வுதான் ராடுக்கு எமன்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. 1842 மே 8 அன்று பிரான்ஸ் நாட்டில் வெர்சாய் ஊரிலிருந்து பாரீஸ் போன ரயிலில் என்ஜினின் அச்சு முறிந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஓடி ஓடி அலுத்த அச்சுகள் ஏன் முறிகின்றன என்று பலரும் ஆராய ஆரம்பித்தார்கள். ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றிச் சோதித்தார். தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும், லட்சக்கணக்கான தடவை திரும்ப வந்தால் இரும்பு முறியும் என்று காட்டினார். இந்த முறிவு பெரும்பாலும் வெளித்தோலில்தான் தொடங்கும். ஒரு வெட்டு, ஒரு கீறல், ஒரு சின்னப் பள்ளம் போதும். துணியைக் கிழிக்க ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப் போடுகிறோம் அல்லவா? அதே கதைதான்.

பாலிஷ் எதற்கு, எவ்வளவு?

ராடில் பாலிஷ் வேலைக்கு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. அழகுக்காக அல்ல, கிழிசலுக்கு வழிவிடுகிற ஓரத்தை எடுத்துவிடுவதற்காக.

ராடை நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஸ்பானர் வழுக்கின வெட்டு, சுத்தியல் பட்ட தழும்பு, வைஸ் பல் கடித்த அடையாளம், அச்சில் அடித்து வார்த்தபோது விளிம்பில் நின்றுபோன கரடு எல்லாம் தெரியும். இவற்றை மட்டும் நைசான அரத்தால் மெதுவாக எடுத்து, அப்புறம் 120 நம்பர், 220 நம்பர், 400 நம்பர் எமரித் துணியால் வரிசையாக மழுக்க வேண்டும். கூர்மையான குழி இல்லாமல், விரல் நகம் தட்டாமல் சரிவாக ஓட வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு விதி உண்டு. அரமும் எமரியும் ராடின் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்கே தேய்த்தால், ஒவ்வொரு தேய்ப்பும் இழுவிசைக்குக் குறுக்கே ஒரு சின்ன வெட்டு. ஒரு வெட்டை எடுக்கப் போய் நூறு வெட்டு வைத்த மாதிரி ஆகிவிடும்.

முழு ராடையும் கண்ணாடி மாதிரி பளபளக்க வைப்பது பந்தயக் காருக்கு உள்ள வேலை. அங்கேகூடப் பாலிஷ் போட்ட பிறகு, சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக மேலே அடித்துத் தோலை இறுக்குவார்கள். இதற்கு ஷாட் பீனிங் என்று பெயர். பல ராடுகளுக்குத் தொழிற்சாலையிலேயே இது செய்யப்பட்டிருக்கும். நம்ம பட்டறையில் முழுத் தோலையும் தேய்த்து எடுத்துவிட்டு, திரும்ப இறுக்காமல் பூட்டினால், காசு கொடுத்து இருந்த பலத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் ஆவோம். ஆகவே வயல் வேலைக்கு ஓடுகிற என்ஜினுக்கு வெட்டு, கரடு எடுத்தால் போதும். கண்ணாடிப் பாலிஷுக்குக் கொடுக்கிற பணத்தை வேறு வேலைக்கு வையுங்கள்.

இருபது கிராம்தானே?

அந்த வேறு வேலை, எடை சரிபார்ப்பது. நுகத்தில் ஒரு பக்கம் பெரிய மாடு, மறுபக்கம் சின்ன மாடு பூட்டினால் வண்டி என்ன ஆகும்? ஒரு பக்கமே இழுக்கும், ரெண்டு மாட்டுக் கழுத்தும் புண்ணாகும். நாலு சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஒன்றின் விசையை இன்னொன்று தாங்கிக்கொள்கிற மாதிரிதான் கிராங்கை அமைத்திருக்கிறார்கள். மூன்று சிலிண்டர் டிராக்டரிலும் அப்படித்தான், மூன்றும் ஒன்றையொன்று சமன் செய்யும். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லா ராடும், எல்லாப் பிஸ்டனும் ஒரே எடையாக இருக்க வேண்டும்.

“அட, இருபது கிராம் கூடக்குறைய இருந்தா என்ன?” என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 2,000 சுற்று. ராடின் கிராங்கு பக்கத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அது சுழலும்போது சுமார் 5 கிலோ விசையாக மாறுகிறது. அம்பாசடர் காரின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கு ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். அதை 4,000 சுற்றில் ஓட்டினால் அதே 20 கிராம் சுமார் 16 கிலோ ஆகிறது. சுற்று இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும் என்பது இதன் சூத்திரம். அதனால்தான் வேகமாக ஓடுகிற கார் என்ஜினுக்கு இந்த வேலை ரொம்ப முக்கியம். டிராக்டருக்கு அவசரம் கொஞ்சம் குறைவு, ஆனால் டிராக்டர் மணிக்கணக்காக ஒரே சுற்றில் ஓடுவதால் அதற்கும் தேவைதான்.

இந்த விசை எங்கே போகும்? மெயின் பேரிங்கைத் தட்டும். என்ஜின் மவுண்டிங் ரப்பரை ஆட்டும். போல்ட்டுகளைத் தளர்த்தும். டீசல் குழாயில் விரிசல் விடும். ஓட்டுகிறவருக்குக் கை கால் மரத்துப்போகும். ஆனால் ஆட்டம் கண்ட எல்லா என்ஜினுக்கும் ராடுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சிலிண்டரில் டீசல் சரியாக எரியாவிட்டாலும், மவுண்டிங் ரப்பர் செத்துப்போனாலும் ஆடும். அதையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். ராடு எடைக்காக மட்டும் என்ஜினை இறக்க வேண்டாம். இறக்கியிருக்கும்போது விட்டுவிடவும் வேண்டாம்.

எடை போடும் முறை

ராடுக்கு இரண்டு முனை. கிராங்கைப் பிடிக்கிற பெரிய முனை, பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சின்ன முனை. மெக்கானிக்குகள் பிக் எண்டு, ஸ்மால் எண்டு என்பார்கள். பெரிய முனை கிராங்கோடு சுழல்கிறது. சின்ன முனை பிஸ்டனோடு மேலும் கீழும் போகிறது. இரண்டும் வேறு வேறு வேலை. ஆகவே மொத்த எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு ராடின் பெரிய முனை 620 கிராம், சின்ன முனை 260 கிராம். இன்னொன்றின் பெரிய முனை 608, சின்ன முனை 272. இரண்டும் மொத்தம் 880 கிராம்தான். தராசில் மொத்தமாக வைத்தால் ஒன்றேபோலக் காட்டும். ஆனால் முனைக்கு முனை 12 கிராம் வித்தியாசம். இந்த ஜோடி ஒத்துப்போகாது.

ஒரு கிராம் வரை காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு இருந்தால் போதும். பெரிய முனையின் நடுவைத் தராசின்மேல் தாங்கவிட்டு, சின்ன முனையை அதே உயரத்தில் ஒரு தாங்கியில் தொங்கவிட வேண்டும். ராடு மட்டமாக இருக்க வேண்டும். தராசு காட்டுவது பெரிய முனை எடை. பிறகு மாற்றி வைத்துச் சின்ன முனை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். வராவிட்டால் வைத்த விதம் சரியில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு ராடையும் மூன்று தடவை போட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா ராடுக்கும் அதே தாங்கி, அதே உயரம்.

எடை போடுவதற்கு முன்னால் மற்ற வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். புது புஷ் போட வேண்டுமானால் முதலில் போடுங்கள். கரடு எடுப்பதும் முதலிலேயே. போல்ட்டு, நட்டு, கேப் எல்லாம் பூட்டின நிலையில், பேரிங் ஷெல் இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் எடை போட வேண்டும்.

இருப்பதில் லேசான முனை எதுவோ, அதுதான் அளவு. மற்றதை அதற்குச் சமமாகக் குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது? பல ராடுகளில் சின்ன முனையின் உச்சியிலும், கேப்பின் அடியிலும் கொஞ்சம் தடித்த மேடு விட்டிருப்பார்கள். அது இதற்கென்றே விட்டது. அங்கே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, திரும்பத் திரும்ப எடை பார்க்க வேண்டும். கார் என்ஜினுக்கு முனைக்கு முனை 2 கிராமுக்குள் வந்தால் நல்ல வேலை. டிராக்டருக்குக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடு இல்லாத ராடு என்றால் கை வைக்க வேண்டாம், பாலன்ஸ் வேலை தெரிந்த பட்டறைக்கு அனுப்புங்கள். ஒரு ராடு மட்டும் ரொம்ப லேசாக இருந்தால், அதற்காக மற்றதையெல்லாம் சுரண்டிப் பலவீனப்படுத்தக்கூடாது. அந்த ஒன்றை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

புதுப் பிஸ்டன்களையும் பின்னோடு சேர்த்து எடை பாருங்கள். செலவில்லாத ஒரு யோசனை உண்டு: கனமான பிஸ்டனைச் சின்ன முனை லேசாக உள்ள ராடோடு ஜோடி சேர்த்தால், தேய்க்காமலேயே பாதி வித்தியாசம் தீர்ந்துவிடும். ஆனால் பிஸ்டன்கள் புதிதாக, எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் இப்படி மாற்றலாம்.

ஒற்றை சிலிண்டர் பம்புசெட் வைத்திருப்பவர்கள், “எங்களுக்கு ஒரே ராடுதானே, எதோடு ஒப்பிடுவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கிராங்கில் உள்ள எதிர் எடைதான் ஜோடி. பழைய பிஸ்டனையும் ராடையும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். புதிதாக வாங்குவது அதற்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும். ரொம்ப கனமான பிஸ்டனைப் போட்டால் என்ஜின் மேடையிலிருந்து எகிறும், அடித்தள போல்ட்டு ஆடும்.

எடைக்கு முன்னால் பார்க்க வேண்டியது

விரிசல் விட்ட ராடுக்கு எடை பார்த்து என்ன பயன்? ராடை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்குக் கட்டித் தூளைப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து தூளில் கோடு போட்டுக் காட்டும். இதில் தெரியாத மெல்லிய விரிசலும் உண்டு. பெரிய பட்டறைகளில் காந்தத் தூள் சோதனை இருக்கும், அது இன்னும் நம்பகமானது. பாலிஷுக்குக் கேட்கிற தொகையை இந்தச் சோதனைக்குக் கொடுங்கள், தகும்.

அப்புறம் ராடு வளைந்திருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டு முறுக்கின நிலையில் பெரிய முனைத் துவாரம் வட்டமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இரண்டும் கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் செய்கிற வேலை.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை

கேப்புகளை மாற்றிப் போடக்கூடாது. ராடையும் கேப்பையும் சேர்த்துப் பூட்டித்தான் துவாரம் கடைந்திருக்கிறார்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. கழற்றும்போதே எத்தனையாவது சிலிண்டர், எந்தப் பக்கம் என்று பெயிண்டால் குறியுங்கள். ராடின் தண்டில் எண் பஞ்ச் அடித்தால் அதுவே ஒரு வெட்டு.

பேரிங் தேய்ந்துவிட்டது என்று கேப்பை அரம் போட்டு உரசி இறுக்குகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் துவாரம் நீள்வட்டம் ஆகிவிடும், புதுப் பேரிங் எத்தனை போட்டாலும் நிற்காது. புது மாடல் என்ஜின்கள் பலவற்றில் ராடை ஒரே துண்டாகச் செய்து, பிறகு கேப்பை உடைத்துப் பிரித்திருப்பார்கள். சேருமிடம் கரடுமுரடாக இருக்கும். அந்தக் கரடுதான் பொருத்தம். அதைத் தேய்த்தால் ராடு குப்பைக்குத்தான்.

எடை கூட்ட வெல்டு வைக்கக்கூடாது. கிரைண்டரில் நீலம் பாயும் வரை சூடேற்றக்கூடாது. ராடின் தண்டிலும், போல்ட்டு உட்காருகிற இடத்திலும் உலோகம் எடுக்கக்கூடாது. குரோமியம் முலாம் பூசக்கூடாது, அது இரும்பை மொறுமொறுப்பாக்கிவிடும். வைஸில் பிடிக்கும்போது மரக்கட்டையோ செம்புத் தகடோ வைத்துப் பிடிக்க வேண்டும்.

ராடு போல்ட்டு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கம்பெனி புதுப் போல்ட்டு போடச் சொல்லியிருந்தால் புதிதுதான். கைப்பழக்கத்தில் முறுக்காமல், டார்க் ரென்ச் வைத்துப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். ஒரு போல்ட்டு அறுந்தால் ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். பிளாக்கும் போச்சு, கிராங்கும் போச்சு. அறுவடை நேரமாக இருந்தால் அந்த மகசூலும் போச்சு.

கடைசியாக, எமரித் தூள். அது பேரிங்குக்கு விஷம். தேய்த்த பிறகு டீசலில் நன்றாகக் கழுவி, ராடில் எண்ணெய்த் துவாரம் இருந்தால் கம்பி விட்டுக் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவித்தான் பூட்ட வேண்டும்.

பட்டறையில் என்ன கேட்பது?

நாலே கேள்வி கேளுங்கள். விரிசல் பார்த்தாச்சா? வளைவும் துவார வட்டமும் அளந்தாச்சா? முனைவாரியாக எடை எவ்வளவு, எழுதிக் காட்டுங்கள். போல்ட்டை எந்த அளவுக்கு முறுக்கினீர்கள்? வேலை தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். “பரவாயில்லையே, விவரமாக் கேக்கறீங்களே” என்று சந்தோஷப்படுவார். அந்த எடைக் கணக்கை வாங்கி வண்டிப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த தடவை என்ஜின் இறக்கும்போது உதவும்.

ராடு வெளியே தெரியாத உறுப்பு. பிளாக்கை மூடிவிட்டால் அதன் பளபளப்பை யாரும் பார்க்கப்போவதில்லை. வெட்டு இல்லாமல், விரிசல் இல்லாமல், ஜோடிக்கு ஜோடி எடை ஒத்து இருந்தால், கறுத்துக் கிடந்தாலும் அது உங்களுக்குப் பல பருவம் உழைக்கும்.